வலம்புரிப் பெருச்சாளி

அழிந்துபோன பிராணிகளுக்கு விளக்கம் சொல்லிப் பிழைப்பதில் ஒரு வசதி உண்டு: அவை எழுந்து வந்து மறுக்கமாட்டா, அந்த வேலையைப் பார்வையாளர்கள் செய்துவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டிகளின் முன் நின்றே கால் வீங்கிய சக வழிகாட்டிகளே, உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் நிற்பது பாம்பனுக்குச் சற்று முன்னே, சாலையோரத்துத் தனியார் காட்சிக்கூடத்தில். எங்கும் சங்கும் சிப்பியும். ஒரு மூலையில் மட்டும் என் செல்லம், பேலியோகாஸ்டர். இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன் அமெரிக்கச் சமவெளியில், பல்லாலேயே மண்ணைக் கடித்துத் திருகாணிபோல் வளை தோண்டிய கொறிவிலங்கு. பொம்மைப் பிராணி ஒன்றரைச் சாண். சாந்தில் செய்த அதன் வளை என்னைவிட உயரம்.

இது அதுவல்ல

பரமக்குடியிலிருந்து வந்த ஓர் அம்மா, "நீர்நாயா தம்பி?" என்று கேட்டார். நீர்நாய் மீன் தின்பது, இது மரம் கடித்து அணை கட்டும் பீவரின் இனம், ஆனால் பீவரைப்போல் தண்ணீரில் வாழாது, எலிக்குச் சொந்தம்தான், ஆனாலும் எலி என்று சொல்லிவிட முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முன்பற்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பி, "பெருச்சாளிதாங்க. அந்தத் தம்பிக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

கெடு

அந்த மூலையில் யாரும் நிற்பதில்லை என்பதை முதலாளி காதர் பாய் கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் கூட்டம் சேராவிட்டால் பேலியோகாஸ்டர் கிடங்குக்குப் போகும். அந்த இடத்தில், வாய்க்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொள்ள ஒரு ஃபைபர் சுறா வரும். கிடங்கோ ஒழுகும். ஒரே மழையில் வளை கரைந்துவிடும்.

பதறிப்போய், படித்தவன் செய்வதைச் செய்தேன்: விளக்கப் பலகையை நீளமாக்கினேன். வளை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதைக்கூட விடவில்லை. 'இடச்சுழி' என்று பெரிதாக எழுதினேன். பாய் கடைசி வரி வரை படித்தார். "வாத்தியாரே, அந்த எலிகூட இவ்வளவு நீளம் தோண்டியிருக்காது."

நுனி எங்கே?

ஞாயிறு மதியம் வரை அந்த மூலையில் ஈ காக்கை இல்லை. அப்போது பெரியபட்டினத்திலிருந்து, சங்கு குளிக்கும் செய்யது தன் மச்சானோடு வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, வளையின் சுருளை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார்.

"யாரு சார் இதை இடம்னு எழுதுனது?"

"நான்தான். புத்தகப்படி."

புத்தகக்காரர்கள் சங்கின் கூர்நுனியை மேலே வைத்துப் பார்ப்பவர்கள். இந்தக் கரையில் நுனியைக் கீழே பிடித்துப் பார்ப்பார்கள். அப்போது சங்கின் வாய் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிவிடும். அவர்களுடைய இடம் இங்கே வலம். ஆயுசெல்லாம் மூழ்கினாலும் பலர் கையில் அகப்படாத வலம்புரிக்கு, நானே இடம்புரி, அதாவது வலைக்கு வலை கிடைக்கும் சாதாரணச் சங்கு என்று பலகை மாட்டியிருக்கிறேன்! செய்யது கூவினார்: "ஏலே மச்சான், இங்கன வாலே! ஆளு ஒசரத்துக்கு வலம்புரிடா!"

கூட்டம்

அரை மணி நேரத்தில் சங்குப் பெட்டிகளின் பக்கம் ஆளே இல்லை. தங்கச்சிமடத்து மீனவக் குடும்பம் ஒன்று வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டது. திருவாடானைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்றுச் சுற்றினார், வலமாகத்தான். பேலியோகாஸ்டர் வளைகளில் இரண்டு சுழியும் கிடைக்கின்றன, அபூர்வம் ஒன்றுமில்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சுறா வேண்டாமென்று போனில் சொல்லிக்கொண்டிருந்த பாய் என் கையைப் பிடித்தார்: "வாத்தியாரே, உண்மைய நாளைக்குச் சொல்லலாம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

ஏற்கெனவே அழிந்த ஓர் உயிரினம் இரண்டாம் முறையும் அழியாமல் தப்பியதில் என் படிப்பின் பங்கு, திறந்த வாயை மூடிக்கொண்டது மட்டுமே.