நாற்பத்தேழாம் நம்பர் டோக்கன்

திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் தங்கள் மூட்டையை அலிபிரியில் கொடுத்துவிட்டு, மேலே போய் வாங்கிக்கொள்வார்கள். அந்த லக்கேஜ் கவுண்டருக்கு ஒரு காலை வெதுருகுப்பம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். அவரிடம் மூட்டை இல்லை. பேரன் வாங்கித் தந்த புதுச் செருப்பு ஒரு ஜோடி மட்டும்தான். வெறும் செருப்பில் சீட்டு ஒட்ட முடியாது என்று கவுண்டரில் இன்னொருவர் சொன்னதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். கவுண்டரில் இருந்த தாட்சாயணி அக்கா அவரைக் கூப்பிட்டாள். தன் சாப்பாட்டுப் பையைக் காலி செய்து, செருப்பை அதில் போட்டுச் சீட்டு ஒட்டி, டோக்கனை அவர் கையில் வைத்தாள். அன்று சாயங்காலம் வடமாலபேட்டை பஸ்ஸில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பை எங்கே என்று வீட்டில் கேட்டதற்கு, "காது அறுந்துட்ச்சு" என்றாள். அங்கேயே பெருக்குகிற வேலை பார்த்த எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஓரகத்திகள் என்றால் சண்டை போட்டுக்கொள்வார்கள் என்பார்கள். எங்களுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

கவுண்டரில் அவள் ஒரு பேச்சு வைத்திருந்தாள். பையை வாங்குமுன் ஒவ்வொருவரையும் கேட்பாள்: "மாத்திரை உள்ள இருக்குதா? எடுத்து கையில வெச்சிக்கோங்க. மீதி எல்லாம் மேல வந்துடும்." தெலுங்குக்காரர்களுக்கு அதையே தெலுங்கில் சொல்வாள். மாத்திரையைப் பைக்குள் வைத்துவிட்டு ஏறிய ஒரு அம்மா பாதி வழியில் மயங்கி விழுந்ததிலிருந்து வந்த பழக்கம் அது.

அக்காவுக்கு ஒரே மகள், கன்னிகா. ஏழு வயதில் டெங்கு வந்து, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்தபோது அக்கா வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் பங்குனியில் அவள் நட்சத்திரத்தன்று, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மலை ஏறுகிறேன், ஏற ஆரம்பித்த காலை நடுவில் திருப்பமாட்டேன் என்று. அவளுக்குக் கல்யாணம் ஆகிறவரைக்கும் வேண்டுதல். பெருமாள் பிள்ளையைக் கொடுத்தார். பதினைந்து வருஷம் தவறாமல் ஏறினார்கள்.

பிறகு கன்னிகா மேல்படிப்புக்கு இத்தாலி போய்விட்டாள். பொலோஞா என்று ஒரு ஊர். முதல் பங்குனியில் அக்கா தனியாக ஏறினாள். அதே மாதம் கன்னிகா சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். போனில் கேட்டதும் அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ஒத்தக் கையோட ஏறினேன் பொன்னி. அதான் அவளுக்கு ஒரு கை பூடுச்சு."

அடுத்த பங்குனியில் கன்னிகாவுக்குக் கிடைத்தது ஈஸ்டர் லீவு மட்டும்தான். ஊருக்கு வந்து போக நாள் போதாது. அதனால் எங்களை அங்கே வரச் சொன்னாள். அவள் நைனா, அக்கா வீட்டுக்காரர், விமானம் என்றாலே ஏறமாட்டார். துணைக்கு நான் போனேன். அக்காவுக்குக் கவலை ஒன்றுதான். நட்சத்திரம் வருகிற நாளில் நாங்கள் அங்கே இருப்போம். "புள்ள கை கிடைக்கும். மலைக்கு எங்க போவேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

முதலில் கன்னிகா எங்களை ஏதென்ஸ் என்ற ஊருக்குக் கூட்டிப்போனாள். பாறை உச்சியில் வானத்தைத் தாங்குகிற மாதிரி தூண்கள். எத்தனை ஆயிரம் வருஷமாக நிற்கின்றனவோ, அண்ணாந்து பார்த்தபோது என் கழுத்து வலித்தது, கண் வலிக்கவில்லை. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப அங்க சாமியே இல்லம்மா" என்றாள் கன்னிகா.

"இருந்த எடம்தானடி?"

ரோமில் ஒரு கோயில் கூரையில் வட்டமாக ஒரு பெரிய ஓட்டை. அதன் வழியாக வெயில் தூண் மாதிரி இறங்கியது. வெனிஸில் தெருவே தண்ணீர். படைத்தவன் ஒருவன், அவனுக்கு எத்தனை கை என்று நினைத்து நினைத்து எனக்கு மாளவில்லை. அக்கா எல்லாவற்றையும் பார்த்தாள், ஆனால் விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டே பார்த்தாள்.

கடைசி நாள் பொலோஞா. மறுநாள் விமானம். நட்சத்திரமும் அந்தக் கடைசி நாளில்தான். காலையில் கன்னிகா, "ஒரு எடம் காட்றேன், வாங்க" என்று ஊர் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். பார்த்ததும் அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். எதிரே ஒரு மலை. அடிவாரத்திலிருந்து மலை உச்சிவரை கூரை போட்ட பாதை, வளைவு வளைவாக, படி படியாக மேலே போய்க்கொண்டே இருந்தது. மேலே மாதா கோயில். அறுநூற்று அறுபத்தாறு வளைவாம்.

"பொன்னி, அலிபிரி மாதிரியே இருக்குதும்மே!" அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "நான் தேடி வரலன்னு மலைய இங்க கொண்டாந்து வெச்சிட்டாரு."

உடனே செருப்பைக் கழற்றித் தோளில் இருந்த நீலப் பைக்குள் போட்டாள். கன்னிகா போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். நான் வளைவுச் சுவரில் வரைந்திருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா ஒரு கடைக்குள் போய்ச் சற்று நேரத்தில் வெறுங்கையோடு வந்தாள். மகள் கையைப் பிடித்து முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டு, "கோவிந்தா" என்று ஏற ஆரம்பித்தாள்.

பாதி மலை ஏறியிருப்போம். எனக்கு லேசாகத் தலை சுற்றியது. சுகர் மாத்திரை அக்கா பையில் இருந்தது. கேட்டேன்.

"பையிலதான இருக்குது" என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பை எங்கம்மா?" என்றாள் கன்னிகா.

"கீழ குடுத்துட்டேன். மேல வந்துடும். இதோ டோக்கன்." உள்ளங்கையை விரித்தாள். சின்னச் சீட்டு. நாற்பத்தேழு என்று இருந்தது.

கன்னிகா அதை வாங்கிப் பார்த்தாள். "ஐயோ அம்மா! இது ரொட்டிக் கடை நம்பரு! வரிசையில யாரு முன்னாடி யாரு பின்னாடின்னு தெரிய எடுக்கிற சீட்டு! பாஸ்போர்ட் மூணும் அதுலதான இருக்குது?"

"எங்க கவுண்டர் மாதிரியே அந்தம்மாவும் நீலச் சட்டை போட்டுக்கினு கவுண்டர்ல நின்னுச்சு. எல்லாரும் டோக்கன் வெச்சிக்கினு நின்னாங்க. நானும் எடுத்தேன். மேலன்னு கை காட்டினேன். தலைய ஆட்டிச்சே!"

"உலகத்துல எல்லாக் கவுண்டரும் உங்க கவுண்டரா?" கன்னிகா திரும்பி இறங்கப் பார்த்தாள். அக்கா அவள் மணிக்கட்டை, அந்த உடைந்து சேர்ந்த மணிக்கட்டை, விடவில்லை.

"கால் திரும்பக் கூடாதுடி. போன வருஷம் உன் கைய விட்டதுக்கே பார்த்தோம்."

"நாளைக்கு எப்படிம்மா ஊருக்குப் போவீங்க?"

நான் இறங்குகிறேன் என்றேன். "மாத்திரையும் இல்லாம, பாஷையும் தெரியாம, நீ எங்க போவ?" என்று அக்கா என்னையும் தடுத்தாள். கன்னிகா போனில் அந்தக் கடையைத் தேடி நம்பர் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மதியம் கடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம்.

"சாத்திக்கினு போயிட்டாங்கன்னா கீழ போய் இன்னா பண்ணப் போற? ஏறு" என்றாள் அக்கா. தன் கையில் இருந்த ஒரே சாக்லேட்டைப் பிரித்து கன்னிகா என் வாயில் போட்டாள். அக்கா ஒவ்வொரு படியையும் குனிந்து தொட்டாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் இப்படி எதையோ நம்பி ஏறியிருப்பார்களே என்று நினைத்தபோது, மூச்சு வாங்கிய எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

உச்சிக்கு வந்தோம். கோயில் வாசலில், சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ரோட்டு வழியாக ஏற்றிவரும் பொம்மை ரயில் மாதிரி ஒரு வண்டி நின்றது. அதன் டிரைவர் எங்கள் புடவையைப் பார்த்ததும் எழுந்து வந்தான். தோளில் அக்காவின் நீலப் பை. அதில் ரொட்டி சுற்றுகிற தாள் ஒன்றைக் குத்தி, பேனாவால் பெரிதாக 47 என்று எழுதியிருந்தது.

கன்னிகா பாய்ந்து கையை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. விரலால் உள்ளங்கையைத் தட்டிக் காட்டினான். அக்காவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கசங்கிய சீட்டை நீட்டினாள். அவன் இரண்டு நம்பரையும் வைத்துப் பார்த்தான். பிறகுதான் பையைக் கொடுத்தான்.

கன்னிகா படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். அக்கா பையைத் திறந்து முதலில் என் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

"ஊரெல்லாம் கேப்பேன், என்னையே கேக்காம விட்டேன் பாரு" என்றாள். அப்புறம் மகளைப் பார்த்து, "இன்னாத்துக்குடி அழுவுற? டோக்கன் குடுத்தா வந்துதான ஆவணும்?"

உள்ளே போனோம். உயரத்தில் மாதா, கையில் பிள்ளை. உடம்பு முழுக்க வெள்ளிக் கவசம். அதன் நடுவில் கறுத்த முகம் மட்டும் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அக்கா மகள் கையைச் சேர்த்துப் பிடித்து, வெகுநேரம் கண்ணை மூடாமல் நின்றாள்.

நாலு மணிக்குக் கீழே வந்து அந்தக் கடைக்குப் போனோம். ஏன் அனுப்பினீர்கள் என்று கன்னிகா அவர்கள் பாஷையில் கேட்டாள். வெறுங்காலைப் பார்த்தேன், என் அம்மாவும் அப்படித்தான் ஏறுவாள் என்று அந்த அம்மா சொன்னாளாம். அக்கா தன்னிடமிருந்த கடைசி லட்டை அவள் கையில் வைத்தாள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவர்கள் போல ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த பங்குனிக்குக் கன்னிகா படிப்பு முடித்து வந்துவிட்டாள். அம்மாவும் மகளும் அலிபிரியிலேயே ஏறினார்கள். போன ஆவணியில் அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன். அதிலிருந்து கண் விழிக்காமலே அவள் போய்விட்டாள்.

அன்று காலை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் கம்மல், மெட்டி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஒரு துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தாள். "டோக்கன் குடுக்கமாட்டியா?" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. கட்டிலைத் தள்ள ஆரம்பித்தார்கள். கதவு வரைக்கும் கூடவே போனேன். அக்கா தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நேரம் ஆவும் பொன்னி. சுகர் மாத்திரைய கையில வெச்சிக்கோ. மீதி எல்லாம் மேல வந்துடும்."