கூரைக்கும் சுவருக்கும் நடுவே

கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதை அட்டையில் கட்டிக் காட்டுவது என் சித்தியின் வேலை. ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக மாடல் செய்கிறாள். ஆனால் அவள் ஒட்டியபடி ஒன்றுகூட எழும்பியதில்லை. அவள் ஒட்டியபடி ஒன்றுகூட எழும்பியதில்லை. எல்லாம் அலுவலக பீரோக்களின் தலைமேல் தூசி படிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் கையில் பையோடு நகம் உயரத்தில் ஒரு காகிதப் பெண் நிற்பாள். ஆள் உயரம் தெரிவதற்காக வைப்பது. ஆனால் அது சித்திதான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு தடவையாவது நான் ஒட்டினதுக்குள்ள நானே நடந்து போகணும்டி," என்பாள் என்னிடம்.

"அதுக்கு நீ நகம் அளவுக்குச் சுருங்கணும்," என்பார் சித்தப்பா.

போன வருடம் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்காக, எல்லா மதத்தினரும் பிரார்த்தனை செய்ய ஒரு பொதுக்கூடம் வரையும் வேலை வந்தது. முடிவு செய்ய, வெவ்வேறு மதங்களைச் சேர்ந்த ஐந்து பேர் கொண்ட குழு. முதல் மாடலில் ஒரு சுவர் முழுக்க ஜன்னல்.

"எல்லாரும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் உட்காருவாங்க. எங்களுக்குத் திசை வேற," என்றார் ஒருவர்.

இரண்டாவதில் எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள். இப்போது மற்ற இரண்டு சுவர்களுக்குப் பரிந்து பேச ஆள் வந்தது. அடுத்ததும் ஒத்துவராவிட்டால் அந்த இடம் வண்டி நிறுத்தத்துக்குப் போய்விடும் என்றது நிர்வாகம்.

மூன்றாவது மாடலில் ஜன்னலே இல்லை, கூரை நடுவில் ஒரு வட்டத் திறப்பு. சித்தி அதை எங்கள் மொட்டை மாடியில் ஸ்டூல் மேல் வைத்தாள். காம்பஸ் பார்த்து வடக்கைப் பொருத்தி, உள்ளே பார்ப்பதற்காக ஒவ்வொரு சுவரிலும் விட்டிருந்த துளை வழியாக மணிக்கொரு தரம் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். நான் குறித்துக்கொண்டேன். காலையில் வெயில் வட்டம் ஒரு சுவரில் ஏறியது. மாலையில் எதிர்ச்சுவருக்குக் கட்சி மாறியது.

"இதுவும் தேறாது," என்றாள்.

ஆர்க்கிடெக்டும் வெறுத்துப்போனார். "ஓட்டையை அடைச்சிருங்கம்மா. நாலு பக்கமும் லைட் போட்டுக்கலாம்."

குழுக் கூட்டத்தன்று காலையில் சித்தி திறப்பில்லாத புதுக்கூரை வெட்டினாள். பேருந்தில் நசுங்கிவிடக்கூடாது என்று கூரையைத் தனியாக எடுத்துப்போய், அங்கே நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி அழுத்துவதுதான் அவள் வழக்கம். அன்று பதற்றத்தில் குத்தினாள்; அழுத்த மறந்துவிட்டாள்.

ஐந்து பேரும் நான்கு பக்கமும் சுற்றி நின்று, குனிந்து துளைகளில் கண்ணை வைத்தார்கள்.

"அட, என் பக்கச் சுவர்ல மேலேர்ந்து வெளிச்சம் வழியுதே!"

"உங்க பக்கமா? இங்க வந்து பாருங்க சார்."

"எல்லாப் பக்கமும்தான்."

ஆர்க்கிடெக்ட் ஒன்றும் புரியாமல் சிரித்துவைத்தார். சித்திக்குப் புரிந்துவிட்டது. கூரை நான்கு சுவரையும் தொடாமல், நூல் அளவு இடைவெளி விட்டு ஊசிகளிலேயே மேலே நின்றது. பேசாமல் இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"சார், அது டிசைன் இல்ல, என் தப்பு. ஊசியை அழுத்தாம விட்டுட்டேன்," என்று அழுத்தக் கட்டைவிரலை நீட்டினாள்.

"கையை எடுங்கம்மா!"

ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

"மழை பெஞ்சா?" என்றார் ஆர்க்கிடெக்ட் மெல்ல.

"இடைவெளியில கண்ணாடி போடுங்க சார்," என்றாள் சித்தி.

பிறகு மறுபடி எங்கள் மாடியில் இரண்டு வாரம். நேர் வெயில் உள்ளே விழாதபடி கூரையின் விளிம்பை எவ்வளவு வெளியே நீட்டவேண்டும் என்று அட்டையை வெட்டி வெட்டிப் பார்த்துச் சொன்னவளும் அவள்தான்.

கூடம் சென்ற மாதம் திறந்தது. சித்தி என்னையும் அழைத்துப்போனாள், கையில் பையோடு. உள்ளே ஒருவர் மண்டியிட்டிருந்தார். இரண்டு பெண்கள் வேறு பக்கம் பார்த்துக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். நான்கு சுவர்களிலும் வெளிச்சம் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. சித்தி நடுவில் போய் நின்றாள். திருப்தியில்லாமல் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். காகிதப் பெண்ணை ஒட்டிய இடம். பிறகு பழக்கத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டு கண்ணாலயும் பாருங்க சித்தி," என்று கிசுகிசுத்தேன்.

மெதுவாகத் திறந்தாள்.

"அடேயப்பா," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "எவ்வளவு பெருசா கட்டியிருக்காங்கடி!"