வக்கீலின் கட்டைவிரல் நகம்

வலது கட்டைவிரலின் நகம், மெஷினில் செதுக்கிய ஓர் அலுமினியப் பீஸின் உட்சுவரில் அடியிலிருந்து மெதுவாக மேலே ஏறுகிறது. இடது கை அந்தப் பீஸைக் கைக்குழந்தையின் தலையைத் தாங்குவதுபோலத் தாங்கியிருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. சுவரின் விளிம்பை நெருங்கும்போது நகம் ஓரிடத்தில் தட்டுகிறது. உற்றுப் பார்க்காதவர்கள் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. "இருக்கு," என்கிறார். கண்ணைத் திறந்து எதிரில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறார். கீறல் கோடு கிடைத்துவிட்டது. இனி ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பட்டறையில் அவருக்கு வக்கீல் என்று பெயர். சட்டப் புத்தகத்தைத் தொட்டதுகூடக் கிடையாது. கணினியில் கட்டர் போகவேண்டிய பாதையைப் போட்டுக் கொடுப்பதுதான் அவர் உத்தியோகம். உலோகக் கட்டிக்குள் கட்டர் எங்கே இறங்க வேண்டும், எந்த மூலையில் திரும்ப வேண்டும், எந்த இடத்தில் வெளியே வர வேண்டும் என்பதெல்லாம் அவர் திரையில் பச்சைக் கோடுகளாக ஓடும். அந்தக் கோடுகளின்படி மெஷின் செதுக்கும். செதுக்கியது கெட்டுப்போனால் விசாரணையும் அவர் பொறுப்பே. அந்த விசாரணையில் அவர் எப்போதும் ஒரே கட்சிக்காரருக்காகத்தான் வாதாடுவார்.

"மெஷின் பொய் சொல்லாது. சாப்ட்வேரும் பொய் சொல்லாது. மிச்சம் யாரு?"

மிச்சம், மெஷின் முன்னால் நிற்கிற ஆபரேட்டர்.

நகத்தை அவர் வளர்க்கவில்லை, பராமரிக்கிறார். மெல்லிய அரத்தால் தேய்த்து, நுனியை மழுங்கவிடாமல் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த முதல் ஃப்ரிட்ஜை மூன்று மாடி சுமந்து ஏற்றியவர்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கதவின்மேல் நகத்தை ஓட்டி, "கீழ எறக்குங்க," என்று சொல்லிவிட்டார். இரண்டாவதாக வந்ததற்கும் அதே கதி. மூன்றாவது வந்தபோது அவர் மனைவி வாசலிலேயே காத்திருந்து, "அவர் குளிக்கப் போயிருக்கார். வெளிய வர்றதுக்குள்ள வச்சிட்டு ஓடிடுங்க," என்றார். அந்த ஃப்ரிட்ஜ் இன்றும் நன்றாகவே குளிர்கிறது. அதன் பக்கவாட்டில் ஒரு கீறல் இருப்பதாக வக்கீல் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் அவருக்கு இன்னொரு வழக்கும் நிலுவையில் இருக்கிறது. டம்ளர் அடுக்கும் கம்பித் தட்டிலிருந்து அவர் மனைவி கண்ணாடி டம்ளரைச் சாய்வாக இழுத்து எடுப்பார். கம்பியில் இடித்து, மாதத்துக்கு ஒன்றாவது விளிம்பு உடையும். "முதல்ல நேரா மேல தூக்கு. முழுசா வெளிய வந்ததுக்கப்புறம் பக்கவாட்டுல கொண்டு போ. இது ஒரு பெரிய விஷயமா?" என்பார் இவர். "அப்ப இனிமே நீங்களே எடுத்துக் கழுவி வச்சிடுங்க," என்று தீர்ப்பு வரும். மேல்முறையீடு கிடையாது.

டீ நேரத்தில் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. திரையில் வரைந்த பாதை மெஷினுக்கு அப்படியே புரியாது. அதை மெஷினின் மொழிக்கு மாற்ற நடுவில் ஒரு சின்ன நிரல் இருக்கிறது. கட்டர் ஒவ்வொரு குழியையும் செதுக்கி முடிக்கும் இடத்தில் அது, மேலே ஏறு என்று ஒரு வரி, பக்கவாட்டில் போ என்று இன்னொரு வரி, இப்படி எழுதிக்கொண்டிருந்தது. பல வருஷங்களுக்கு முன்பு வக்கீல் அந்த நிரலைத் திறந்து இரண்டையும் இணைத்து, ஏறிக்கொண்டே போ என்று ஆக்கிவிட்டார். குழிக்குக் கண் இமைக்கும் நேரம் மிச்சம். நூற்றுக்கணக்கான குழிகளில் அது சேர்ந்துகொண்டே போகும் அல்லவா? "ரெண்டு வரியை ஒண்ணாக்கினேன். அவ்வளவுதான். முதலாளி வந்து தோளைத் தட்டினார்." ஆரம்பத்தில் கதை இப்படித்தான் இருந்தது. பிறகு முதலாளி கட்டிப்பிடித்தார். சமீபகாலமாக முதலாளியின் கண் கலங்கவும் தொடங்கியிருக்கிறது.

பட்டறையில் எழுதாத விதி ஒன்றும் இருக்கிறது. நல்ல பீஸ் வந்தால் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு அதை வக்கீல் எடுத்துப்போவார். கெட்டுப்போனதை ஆபரேட்டர் எடுத்துப்போக வேண்டும். எடுத்துப்போகிறவர்கள் எல்லாருமே கோடு விழுந்த பக்கத்தை அடியில் வைத்துத்தான் மேசைமேல் வைப்பார்கள். அளந்து பார்ப்பவர் எப்படியும் திருப்பத்தான் போகிறார். இருந்தாலும் அந்தச் சில நொடிகள் எல்லாருக்கும் வேண்டியிருக்கின்றன.

புது மெஷின் வந்தபோது அதை ஓட்டும் இடம் ரேடியோவுக்குக் கிடைத்தது. ரேடியோ என்பது ஓர் ஆபரேட்டர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வாயை மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் பிசிறு மேசையில் இருந்தவர். செதுக்கிய பீஸ்களின் ஓரங்களில் நிற்கும் பிசிறை நாள் முழுக்க அரத்தால் ராவி எடுக்கும் இடம் அது. "தூங்கறப்பவும் காதுக்குள்ள கிறீச் கிறீச்சுன்னு கேக்கும். எம் புருஷன் குறட்டை விட்டாதான் அது அடங்கும்," என்பார். முதலாளியை நச்சரித்து, பயிற்சிக்குப் போய், தேறி, புது மெஷினுக்கு வந்து சேர்ந்தார்.

வந்து சேர்ந்ததும் இந்தக் கோடு வந்தது. செதுக்க வேண்டியது தண்ணீர் இறைக்கும் பம்பின் உடல். அகலமான, ஆழமான குழி. அதன் விளிம்பில் ரப்பர் வளையம் உட்காரும். விளிம்புக்குக் கீழே முடியளவு கோடு இருந்தாலும் தண்ணீர் கசியும். தொடர்ந்து பல பீஸ்கள் போயின. சூப்பர்வைசர் வந்து, "இன்னும் ஒண்ணு போச்சுன்னா நீ பழைய மேசைக்கே போயிடும்மா," என்று சொல்லிவிட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் ரேடியோவைப் பயமுறுத்தியது.

வக்கீல் விசாரணையைத் தொடங்கினார்.

"கட்டரை எவ்வளவு நீளம் வெளிய விட்ட?"

"நீங்க சொன்ன அளவு."

"அளந்தியா?"

"பின்ன, முகத்தப் பாத்தா வச்சேன்?"

"பீஸைக் கழட்டறப்ப எங்கயாவது இடிச்சியா?"

"இல்ல."

"யோசிச்சு சொல்லு."

"எவ்வளவு யோசிச்சாலும் இல்லதான் வக்கீல் சார். வேணும்னா உக்காந்து யோசிக்கிறேன், ஸ்டூல் போடுங்க."

புதுக் கட்டர் மாட்டினார்கள். கோடு வந்தது. பிடிப்பை இறுக்கினார்கள். வந்தது. வக்கீல் அவரைக் கணினி முன்னால் அழைத்துப்போய்த் திரையில் ஒத்திகை ஓட்டிக் காட்டினார். பச்சைக் கட்டர் குழிக்குள் இறங்கி, சுற்றி, நேராக மேலே எழுந்து, பிறகு நகர்ந்தது. எங்கும் இடிக்கவில்லை.

"பாத்தியா? எங்கயாவது தொடுதா?"

"கல்யாண போட்டோல கூடத்தான் எல்லாரும் சிரிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

கடைசியில் வக்கீல் தானே மெஷினை ஓட்டினார். அவர் ஓட்டுவதே ஒரு காட்சி. வேகத் திருகைக் கடைசிவரை குறைத்துவைப்பார். மெஷினை நிறுத்தும் சிவப்பு பட்டனுக்கு மேலே கட்டைவிரல் படாமல் நிற்கும். மூக்கு கண்ணாடிச் சன்னலில் அழுந்தும். மெஷின் ஆமைபோல ஊர்ந்து, வேலையை முடித்தது. பீஸை எடுத்து நகத்தை ஓட்டினார். தட்டவில்லை. அதைத் தானே எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு நடந்தார். திரும்பி வந்து, எல்லாரும் கேட்கும்படியாக, "நான் நின்னா வரல. நீ நின்னா வருது. இதுக்கு மேல சாட்சி எதுக்கு?" என்றார்.

சூப்பர்வைசர் தலையசைத்தார். பிசிறு மேசையில் ஓர் இடத்தை யாரோ ஒதுக்கத் தொடங்கினார்கள். அரங்களை நகர்த்தும் சத்தம் ரேடியோவின் காதில் விழுந்தது.

"ஒரே ஒரு பீஸ் சார்," என்றார். "நான் தொடவே மாட்டேன். நீங்களே மாட்டுங்க, நீங்களே ஓட்டுங்க. ஆனா நான் ஓட்டுற வேகத்துல. திருகை முழுசா திறந்து."

"வேகத்துக்கும் கோட்டுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தம் இல்லன்னா திறக்கறதுக்கு என்ன பயம்?"

பக்கத்து மெஷின்காரர்கள் சும்மா துணியால் கை துடைப்பதுபோல அருகில் வந்து நின்றார்கள். இனி மறுக்க முடியாது. வக்கீல் பீஸை மாட்டினார், இரண்டு முறை அளந்தார், திருகை முழுதாகத் திறந்தார். ரேடியோ இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். மெஷின் பாய்ந்து முடித்தது. வக்கீல் பீஸை எடுத்தார், கண்ணை மூடினார், நகத்தை ஏற்றினார்.

தட்டியது.

ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் வக்கீல் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

இந்த இடத்தில் வக்கீலைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழக்கு தனக்கு எதிராகப் போகிறது என்று தெரிந்தபிறகும் அவர் கேஸ் கட்டை மூடவில்லை. கட்டரைப் பீஸுக்கு மேலே ஒரு சாண் தூக்கிவைத்து, காற்றில் ஓட்டினார், முழு வேகத்தில். முதலில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மறுபடி ஓட்டினார். பிறகு பக்கத்தில் போய்க் குனிந்து, கட்டர் குழியை விட்டு வெளியேறும் அந்த ஒரு கணத்தை மட்டும் பார்த்தார்.

கட்டர் மேலே ஏறிக்கொண்டே பக்கவாட்டில் போனது. ஆனால் பக்கவாட்டில் போவது முந்திக்கொண்டது. பழைய மெஷினுக்கு எல்லாத் திசையிலும் ஒரே வேகம். அதில் செய்த குழிகளும் ஆழம் இல்லாதவை. புது மெஷினோ பக்கவாட்டில் பறக்கும், கனமான தலையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவதில் சற்றுப் பின்தங்கும். அந்தச் சற்றுக்குள் கட்டர் விளிம்பை உரசிவிட்டுப் போகிறது. திருகைக் கடைசிவரை குறைத்துவைத்தால் எல்லாத் திசையும் ஒன்றாக ஊர்கிறது, உரசுவதில்லை. அதனால்தான் அவர் நின்றபோது கோடு வரவில்லை. திரை மொழிபெயர்ப்புக்கு முந்தின பாதையைக் காட்டியது. அதில் கட்டர் முறைப்படி முதலில் ஏறி, பிறகுதான் நகர்ந்தது. டம்ளருக்கு அவர் வாங்கித்தர நினைத்த மரியாதை அது.

மெஷின் பொய் சொல்லவில்லை. சாப்ட்வேரும் பொய் சொல்லவில்லை.

குற்றவாளி கிடைத்ததும் குரலை உயர்த்துவது வக்கீலின் வழக்கம். அன்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த நிரலைத் திறந்தார். எந்த வரி என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை.

"என்ன, தெரிஞ்சுதா?" என்று சூப்பர்வைசர் தூரத்திலிருந்தே கேட்டார்.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"வாய்தாவா சார்?" என்றார் ரேடியோ. குரல் திரும்பி வந்திருந்தது.

வக்கீல் திருத்தி முடித்து, புரோகிராமை மெஷினுக்கு அனுப்பினார். "நீயே மாட்டு. நீயே ஓட்டு. உன் வேகத்துல," என்றார். ரேடியோ மாட்டினார். திருகை முழுதாகத் திறந்தார். பாய்ச்சல் முடிந்து கதவு திறந்ததும், காற்றுக் குழாயால் பீஸின்மேல் ஊதி, உலோகச் சீவல்களை விரட்டினார்.

"என்ன சார் மாத்தினீங்க?"

"ஒரு வரியை ரெண்டாக்கினேன்."

காற்றுக் குழாய் நின்றது. அந்த டீ நேரத்துக் கதையை ரேடியோ எத்தனை முறை கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

"எந்த வரியை?"

வக்கீல் கையை நீட்டினார். ரேடியோ பீஸைக் கொடுத்தார். நகம் அடியிலிருந்து ஏறியது, விளிம்பைத் தாண்டியது, வெளியே வந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. எங்கும் தட்டவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவர் அதைக் கையில் ஏந்தி நடக்கத் தொடங்குவார். அன்று திருப்பி ரேடியோவிடமே நீட்டினார்.

"கொண்டு போய்க் குடு."

பிறகு தான் ஓட்டிக் கெடுத்த பீஸை மெஷின் மேலிருந்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். இன்ஸ்பெக்‌ஷன் மேசை அருகே சூப்பர்வைசர் நின்றிருந்தார். ரேடியோ நல்ல பீஸை மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் வக்கீல் தன்னுடையதை வைத்தார், கோடு விழுந்த பக்கம் அடியில் இருக்கும்படியாக. கையை எடுத்தார். ஏதோ நினைத்துக்கொண்டவர்போல மறுபடி கையைக் கொண்டுபோய், பீஸை முதலில் நேராக மேலே தூக்கி, பிறகு திருப்பி, கோடு எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார்.