இரவில் மிஞ்சாத மின்சாரம்

குடவாசலை அடுத்த எங்கள் ஊரில் ஆற்றங்கரையைவிட உயரமான நிலம் கிடையாது. அங்கே பிறந்த அண்ணன்தான் மின்துறைப் பொறியாளராகி, மலைமேல் ஓர் அணை, கீழே ஓர் அணை என்று திட்டம் போட்டார். அப்பா தவறியபோது அவர் கல்லூரி மாணவர். என்னையும் படிக்கவைத்த பிறகே திருமணம் செய்துகொண்டார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது குறைவு. ஒரு கையில் தட்டு, மறு கையில் காகிதம்.

ஊர் உறங்கும்போது மிஞ்சும் மின்சாரத்தால் கீழணைத் தண்ணீரை மேலே ஏற்றுவது, மாலையில் தேவை கூடும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது: இதுதான் திட்டம். நாலு பங்கு மின்சாரம் செலவழித்தால் மூன்று பங்குதான் திரும்பும். ஆகவே இரவு மின்சாரம் மலிவாக மிஞ்ச வேண்டும். மிஞ்சும், கட்டுபடியாகும் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டார். அதைப் பார்த்து வளைகுடா நிறுவனம் ஒன்று அவரை வேலைக்கு அழைத்தது. தெருவுக்கு ஒருவர் விமானம் ஏறிக்கொண்டிருந்த தொண்ணூறுகள் அவை.

விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்து இரவு தங்கினார். காலையில் வயலில் தண்ணீர் நின்றது.

"ராத்திரி யாரு மாப்பிள்ளை எந்திரிச்சு மோட்டார் போட்டது?" என்று என் கணவரைக் கேட்டார்.

"யாரு எந்திரிப்பா? ஆட்டோ ஸ்டார்ட்டர் மச்சான். வயலுக்கு ராத்திரிதானே விடுறாங்க, கரண்டு வந்தா அதுவா ஓடும். சுத்துப்பட்டுல எல்லாரும் மாட்டியாச்சு. கரண்டு ஆபீசுல இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

அண்ணன் சிரிக்கவில்லை. எங்கள் அப்பா ஒருநாளும் இரவில் எழுந்து மோட்டார் போட்டதில்லை. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அண்ணன், இரவில் பெரும்பாலான மோட்டார்கள் ஓடாது என்று கணக்கில் வைத்திருந்தார்.

காபியைக் குடிக்காமல் பஸ் ஏறினார். சீர்காழி வரை ஊர் ஊராகப் போய் ஸ்டார்ட்டர்களை எண்ணினார். பிறகு அறிக்கையைத் திரும்பப் பெற்று, 'இப்போதைக்குக் கட்டுபடியாகாது' என்று எழுதிக் கொடுத்தார். வளைகுடா வேலை போயிற்று.

"பேசாம பிளேன் ஏறியிருக்கலாம்ல? யாரு வந்து எண்ணப் போறா?" என்றார் அண்ணி.

"நான் எண்ணிட்டேனே" என்றார் அண்ணன்.

காற்றாலைகள் வந்தன, சூரிய மின்சாரம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும், யாரும் கேட்காமலே, ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்தினார். அவருடைய கடைசி வாரத்தில், தஞ்சாவூர் மருத்துவமனையில் என் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "இப்ப நமக்குப் பகல்லதான் கரண்டு விடுறாங்க மச்சான்."

அண்ணன் எழுந்து உட்காரப் பார்த்தார். "அப்ப ராத்திரி மிஞ்சுதா? பேப்பர் எடும்மா."

மூன்று வரி எழுதினார். விடைக்கு வரவில்லை.

பேனா கொடுத்த செவிலியருக்கும், இரவு பகல் பாராமல் உடனிருந்த உறவினர்களுக்கும், தொலைவிலிருந்து வந்து தோள்கொடுத்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அண்ணனோடு பணிபுரிந்தவர்கள் யாரேனும் இந்த நினைவு மலரைப் படித்தால், அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. நாலாவது வரியை எழுத வாருங்கள்.