பச்சை உப்பு

குத்துக்கல்வலசை ஆவுடைநாயகத்துக்குப் பம்பாயில் என்ன வேலை என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அங்கே ஓர் ஆலையில் சேர்ந்தவர். உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஊரிலேயே இருந்த மனைவி முத்துவடிவு கேட்டால், "உப்புக் காய்ச்சுதோம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அது முழுப் பொய்யும் இல்லை. யுரேனிய ஆக்சைடு காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். அதை உலையில் சூடேற்றி, மேலே ஹைட்ரஜன் ஃபுளூரைடு வாயுவை விடுவார்கள். மெல்ல மெல்ல அது பச்சைப் பொடியாக மாறும். டெட்ராஃபுளூரைடு என்பது புத்தகப் பெயர். ஆலையில் எல்லோருக்கும் பச்சை உப்பு. அதைக் கால்சியத் துண்டுகளோடு எஃகுக் கலத்தில் அடைத்துப் பற்றவைத்தால், கால்சியம் ஃபுளூரினைப் பிடுங்கிக்கொள்ளும். யுரேனிய உலோகம் உருகி அடியில் இறங்கும்.

அறுபத்திரண்டு வைகாசியில், வாயுக் குழாய் ஒன்றைக் கழற்றும்போது உள்ளே தங்கியிருந்த அமிலம், வலது கையுறையிலிருந்த ஊசித்துளை வழியே இறங்கியது. வலிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வேலை நேரம் முடியும்வரை நின்றார். சாயங்காலம் எலும்புக்குள் குடைந்தது. ஆஸ்பத்திரியிலும் கால்சியம்தான், சதைக்குள் போன ஃபுளூரைடைப் பிடிக்க அதையே ஊசியாகப் போட்டார்கள். ஆனாலும் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஊரில் பெண் குழந்தை பிறந்த செய்தி அவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் வந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தென்காசி ஸ்டேஷனில் இறங்கினார். மைத்துனர் சொரிமுத்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "பிள்ளை எங்க?" என்றார்.

"எட்டாம் நாள் ஜன்னி கண்டு போயிட்டுது," என்றாள் முத்துவடிவு. "நீங்க ஆஸ்பத்திரில கெடக்கியன்னு, அண்ணன் எழுத வேண்டாம்னுட்டாவ."

"ம்."

காப்பி கொடுத்தாள். இடது கையால் வாங்கிக் குடித்தார். சீனி போடவில்லை என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள், சொரிமுத்து சொன்னாரென்று இருவரும் குற்றாலம் போனார்கள். ஐந்தருவியில் அவர் மட்டும் குளித்தார். தண்ணீர் தலையில் அறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் கேட்டாள்.

"நாலு வருசமா அங்கன என்னதான் செய்தீய? இப்பவாவது சொல்லக் கூடாதா?"

எழுதிக் கொடுத்ததை மீறி எல்லாவற்றையும் சொன்னார். பழுப்புப் பொடியை, பச்சை உப்பை, ஈரம் பட்டால் உலோகம் சேராமல் கெட்டுப்போவதை, ஊசித்துளையை. பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். ஒரு பஸ் வந்து போனது. அவர்கள் ஏறவில்லை.

"பிள்ளைக்குப் பேரு வைக்கலை," என்றாள் அவள். "பதினாறாம் நாள் வைக்கணும்னு இருந்தோம்."

அவர் யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை. "நீயே சொல்லு."

"நாச்சியார்."

"சரி. யாரு ஜாடை?"

"நெத்தி உங்களுது."

தலையாட்டினார். அழுகை வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அடுத்த பஸ்தான் வந்தது.

விடுப்பு முடிந்ததும் அவளையும் பம்பாய்க்கு அழைத்துப் போனார். ஆலையில் உப்பின் ஈரம் சோதிக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். அறுபத்து நாலில் மகன் பிறந்தான். எட்டாம் நாள் ஆவுடைநாயகம் வேலைக்குப் போகவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள் போனார்.