பாக்கியம் இருந்த அறை

பேத்திக்குப் பெங்களூரில் ரூம் கிடைத்துவிட்டது.

(ரூம் என்றால், ரெண்டு பேர் படுக்கிற இடத்தில் ஐந்து பெண்கள். வாடகையைக் கேட்டுவிட்டு என் மகன் பிரஷர் மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டான்.)

இன்டர்ன்ஷிப்பாம். நாலு வாரம் தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள்.

"உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் இருந்திருக்காதுல்ல தாத்தா?" என்று போனில் கேட்டாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்குத் தொண்ணூறு வயதாகிறது, இனி யாருக்குப் பயப்பட வேண்டும்?

1942. அரியலூர் தபாலாபீஸில் வேலை பழகுகிறவனாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் வரதராசன்பேட்டை, தினமும் போய் வர முடியாது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனமெல்லாம் ரயிலேறி வந்த நேரம் அது. அரியலூரில் மாட்டுக்கொட்டகைக்குக்கூட வாடகை ஏறிப்போனது.

கிறிஸ்தவனான எனக்கு வீட்டுக்கு வீடு ஒரே பதில்தான். "தனியாளா? வேதக்காரப் புள்ளையா? கறி ஆக்குவீங்களே. வேற இடம் பாருங்க."

ஆபீஸ் பெஞ்சிலேயே படுத்துக்கொண்டேன். அது போஸ்ட்மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

"மாசக் கடைசிக்குள்ள இடம் பாத்துக்க. இல்லேன்னா ஊருக்கே போயிடு" என்றார்.

வீட்டில் எனக்குக் கீழே ஐந்து பேர். ஊருக்குத் திரும்பினால் அப்பாவோடு கடலைக் காட்டில்தான்.

ஸ்டேஷன் பக்கம் ஒருவருக்கு வரிசையாக நாலைந்து அறைகள் இருந்தன. கடைசி அறையில் பாக்கியம் என்று ஒரு பெண், கைக்குழந்தையோடு இருந்தாள். புருஷன் நல்லமுத்து மலாயாவில் தோட்டத்து வேலையில் இருந்தான். சிங்கப்பூர் ஜப்பான்காரனிடம் விழுந்ததிலிருந்து அவனிடமிருந்து கடிதமும் இல்லை, பணமும் இல்லை.

வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணைக் கிளப்பணும் தம்பி. கிளப்பிட்டா அறை உங்களுக்குத்தான். நாளைக்கு அவ புருஷன் வந்து நின்னா என்ன சொல்றதுன்னுதான் பாக்குறேன். மலாயாக் காயிதம் ஏதாவது வருதா?"

ஆபீஸில் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே, யாருடைய கடிதத்தைப் பற்றியும் வெளியே பேசக்கூடாது என்பதுதான்.

நான் பேசினேன். "அவங்க போட்ட காயிதமே திரும்பி வந்துடுச்சுங்க."

"அப்ப ஆளு இல்லேன்னுதானே அர்த்தம்?"

அர்த்தம் அதுவல்ல. மலாயாவுக்குத் தபால் போக்குவரத்தே நின்றுவிட்டது. 'போக்குவரத்து இல்லை' என்ற முத்திரையோடு எத்தனையோ கடிதங்கள் திரும்பி வந்தன, அத்தனையையும் பிரித்து அடுக்கியவன் நான்.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அறை வேண்டியிருந்தது.

அந்த வாரமே கிடைத்தது.

நான் டிரங்குப் பெட்டியோடு போய் நின்றபோது அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள், காலி செய்கிற வீட்டில். வீட்டுக்காரர் அவளிடம் என்ன சொல்லியிருந்தாரோ, கண் வீங்கியிருந்தது.

"நீங்க தபாலாபீஸ்தானே தம்பி? எனக்குக் காயிதம் வந்தா எடுத்து வைங்க. வந்து கேட்டுக்கறேன்."

சரி என்றேன்.

இரண்டு தடவை ஜன்னலில் வந்து கேட்டாள். இரண்டு தடவையும் நிமிர்ந்து பார்க்காமல் இல்லை என்றேன். அப்புறம் வரவில்லை.

விலாசம் பார்ப்பதுதான் என் தொழில். அவளுடைய புது விலாசத்தை நான் கேட்கவில்லை. கேட்டால் நின்று பேசுவாள், அறையைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று பயம்.

என் வேலை நிரந்தரமானது. அதே அறையில் நான்கு வருஷம் இருந்தேன். நன்றாகத்தான் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

எலும்பும் தோலுமாக ஒரு ஆள். கையில் ஒரு துணிப்பை.

"பாக்கியம் இல்லீங்களா?"

யார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது.

"அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"எப்பங்க?"

"நாலு வருஷம் ஆச்சு."

அறைக்குள் எட்டிப் பார்த்தார். என் கட்டில், என் பெட்டி, சுவரில் மாதா படம். சயாமில், அதாவது இப்போதைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்களாம், கூடப் போன பாதிப் பேர் திரும்பவில்லையாம். அதை வாசலிலேயே நின்று சொன்னார்.

"எங்க போறேன்னு விலாசம் ஏதாச்சும் குடுத்துட்டுப் போனாளா?"

"இல்லீங்க."

"யாருங்க காலி பண்ணச் சொன்னது?"

"வீட்டுக்காரர்" என்றேன்.

தலையை ஆட்டினார். "குரும்பலூர்ல அவ அத்தை ஒருத்தி இருக்கா. அங்க போயிப் பாக்கறேன். உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

குரும்பலூர், வாலிகண்டபுரம், உடையார்பாளையம் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் வீட்டுப் பெரியவர்களிடம் கொஞ்சம் கேளுங்கள். மலாயாவிலிருந்து திரும்பிய நல்லமுத்து, மனைவி பாக்கியம், ஒரு பெண் குழந்தை.

என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். அவர் அவளைக் கண்டுபிடித்தாரா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.