படிக்கட்டுக் கேள்வியும் என் மகளும்

எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்த மிஸ் பூவரசங்குளத்துக்காரி. முல்லைத்தீவில் அரசாங்க ஆராய்ச்சி உத்தியோகத்தர். குடிசன மதிப்பு, கிளினிக், முன்பள்ளி என்று அரசாங்கம் எல்லாரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கும் தரவுகளைக் கொண்டு, சின்னப் பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் எப்படி வளர்கிறார்கள் என்று ஆராய்வது அவருடைய வேலை. இதற்கும் ஒரு சம்பளமா என்று நான் மனதுக்குள் நக்கலடித்ததுண்டு.

ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது, எங்கள் கரையோரத்து மூன்று வயதுப் பிள்ளைகள் உடல் அசைவில் பின்தங்கியிருப்பதாகத் தரவு காட்டுகிறது என்றார். எனக்கு வந்ததே கோபம்! தோணி கரைக்கு வந்தால் மணலில் பறக்கிற பிள்ளைகளையா சொல்லுகிறீர்கள், முடிந்தால் ஓடிப் பிடித்துக் காட்டுங்கோ என்று பொரிந்து தள்ளினேன். வேறு யாராவது என்றால் அறையைக் காலி செய்திருப்பார்கள். அவர் எழும்பிப் போய்க் கணினியைத் திறந்தார்.

தரவை ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்துப் பார்த்தார். ஓட்டம், குதிப்பு எல்லாவற்றிலும் எங்கள் பிள்ளைகள் கெட்டி. ஒன்றில் மட்டும் விழுந்திருந்தார்கள்: கால் மாற்றி மாற்றிப் படிக்கட்டு ஏறுமா? வீடுகளின் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் மாடிவீடு இருந்தால்தானே பிள்ளை படி ஏற! அறிக்கை முடிந்துவிட்டது, விடுங்கோ என்று மேலிடத்தில் சொன்னார்களாம். மனுசி விடவில்லை. திரும்பத் திரும்ப எழுதி, எங்கள் பக்கத்துக் கணக்கிலிருந்து அந்தக் கேள்வியை எடுப்பித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொடுத்த கையோடு என் கவலையையும் கொட்டினேன். என் மகளுக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பிந்தித்தான் கதைக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இதுவும் படிக்கட்டு மாதிரித்தானே என்று கேட்டேன். ஓம் என்று சொல்லிவிடமாட்டாரா என்று மனம் கிடந்து துடித்தது.

அவர் என் கையைப் பிடித்தார்.

"இல்லை அக்கா. கதைக்கிறதில உங்கட கரைப் பிள்ளையள் ஒருத்தருக்கும் பின்னில்லை. அதாலதான் சொல்லுறன், பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

இரண்டு நாள் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. அந்த வாயால் ஒரு ஆறுதல் சொன்னால் குறைந்தா போய்விடும் என்று திட்டினேன். பிறகு பயம் வந்துவிட்டது. அவரே லீவு போட்டு எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சொல்லியிராவிட்டால் இன்னும் ஒரு வருசம் ஊர்க்கதையை நம்பி இருந்திருப்பேன்.

காதுக்கருவி பூட்டிக்கொண்டு வந்த பின்னேரம், மிஸ்ஸும் நாங்களும் பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு நடந்தோம். மகள் திடீரென்று நின்றாள். பிறந்த நாளிலிருந்து கடற்கரையிலேயே வளர்ந்த பிள்ளை, அலைச் சத்தத்துக்குப் பயந்து மிஸ்ஸின் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.